வெட்டோரில் கேப்சூல்: கறுப்பியின் குஷிங் நோய்க்குப் பதினாறு மாதப் பயன்பாடு

எங்கள் வீட்டு டாக்ஸ்ஹுண்ட் இன நாய் கறுப்பிக்கு இப்போது வயது பதினொன்று. எடை பத்து கிலோ. லண்டனின் ஹாரோ பகுதியில் வசிக்கும் நாங்கள், அவளுக்குக் குஷிங் நோய் (உடலே சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன் அளவுக்கு மீறிப்போகும் நோய்) இருப்பது உறுதியான நாள்முதல் டெக்ரா நிறுவனத்தின் வெட்டோரில் கேப்சூலைக் கொடுத்து வருகிறோம். பதினாறு மாதங்களில் மூன்று முறை அளவு மாறியது, ஒருமுறை மருந்தை அடியோடு நிறுத்தினோம், ஒருமுறை அவளை இழந்துவிடுவோமோ என்று ஓர் இரவு முழுவதும் மருத்துவமனை வாசலில் காரில் உட்கார்ந்திருந்தோம். இத்தனைக்கும் பிறகு இந்த மருந்துக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஆனால் இதை வாங்குகிறவர் கேப்சூலோடு கூட ஓர் அளவு ஜாடியும், ஒரு நோட்டுப் புத்தகமும், கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கமும் வாங்கிக்கொள்ள வேண்டும். அவை இல்லாத வீட்டில் இது நல்ல மருந்தாக வேலை செய்யும் என்று என்னால் சொல்ல முடியாது.

நோய் தொடங்கியது தண்ணீர்க் கிண்ணத்தில். காலையில் நிரப்பிய கிண்ணம் மதியத்துக்குள் காலியாயிற்று; இரவில் இரண்டு முறை தோட்டத்துக் கதவைப் பிறாண்டி எழுப்பினாள்; ஒன்பது ஆண்டுகளாக வீட்டுக்குள் ஒரு சொட்டுக்கூட விடாதவள், கூடத்துக் கம்பளத்தில் நின்றபடியே சிறுநீர் கழித்துவிட்டு எங்களைக் குற்ற உணர்வோடு பார்த்தாள். வயதாகிவிட்டது என்று நாங்களே ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். வயிறு சரிந்து தொங்கியதைப் பார்த்த மாமியார், "நீங்க ஆளாளுக்கு ஊட்டி ஊட்டித்தான் அதுக்குத் தொப்பை விழுந்துடுச்சு" என்றார். உண்மையில் அது கொழுப்பு மட்டும் அன்று. கார்ட்டிசால் மிகும்போது கல்லீரல் பெருக்கிறது, வயிற்றுத் தசை மெலிந்து தளர்கிறது, அதனால் வயிறு பானைபோல இறங்குகிறது. பசியும் அதே கார்ட்டிசாலின் வேலை. ஒருநாள் மாலை, குட்டைக் கால்களால் நாற்காலி ஏறி, அதிலிருந்து சமையல் மேடையை எட்டி, பொங்க வைத்திருந்த இட்லி மாவுப் பாத்திரத்தில் முகத்தை விட்டுவிட்டாள். மூக்கிலிருந்து காது வரை வெள்ளையாக நின்றவளைப் பார்த்து அன்று சிரித்தோம். ஒரு மாதம் கழித்து, விலாவின் இரு பக்கமும் ஒரே அளவில் முடி உதிர்ந்து, வயிற்றுத் தோலின் ஊடே நீல நரம்புகள் தெரியத் தொடங்கியபோதுதான் மருத்துவரிடம் போனோம்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை மில்லி குடிக்கிறாள்?" என்பது. நிறையக் குடிக்கிறாள் என்ற பதிலை அவர் ஏற்கவில்லை. மூன்று நாள் அளந்து வரச் சொன்னார். சமையலறை அளவு ஜாடியால் ஊற்றி, இரவில் மிச்சத்தைக் கழித்துக் கணக்கிட்டதில் நாளொன்றுக்கு 1,400 மி.லி. வந்தது. ஒரு நாய் தன் உடல் எடையில் கிலோவுக்கு 100 மி.லி.க்கு மேல் ஒரு நாளில் குடித்தால் அது இயல்பு மீறிய தாகம். இவள் 140 மி.லி. குடித்திருந்தாள். அன்று தொடங்கிய நோட்டுப் புத்தகத்தை இன்று வரை நிறுத்தவில்லை. இந்த நோயில் வீட்டில் செய்யக்கூடிய, காசு செலவில்லாத, மிகப் பயனுள்ள பரிசோதனை அதுதான்.

நோயைக் கண்டறியும் கட்டத்தை விரிவாகச் சொல்லப்போவதில்லை. ஆனால் அவசரப்படக் கூடாது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். ஆம் அல்லது இல்லை என்று ஒரே ரத்தப் பரிசோதனையில் சொல்லிவிடும் நோய் இது அன்று. கல்லீரல் நொதியான ஏ.எல்.பி. மிக உயர்ந்திருந்தது, சிறுநீர் தண்ணீர்போல நீர்த்திருந்தது, அதில் தொற்றும் இருந்தது. முதலில் தொற்றைக் குணப்படுத்தினார்கள். ஏனென்றால் வேறு நோயின் அழுத்தத்திலும் கார்ட்டிசால் உயரும், அப்போது செய்யும் பரிசோதனை பொய்யாக நோயைக் காட்டக்கூடும். பிறகு வீட்டிலேயே பிடித்த காலைச் சிறுநீரில் கார்ட்டிசாலுக்கும், சிறுநீரில் வழக்கமாக வெளியேறும் கழிவுப்பொருளான கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் பார்த்தார்கள். தரையிலிருந்து நான்கு விரல் உயரமே உள்ள வயிற்றுக்குக் கீழே அகப்பையை நீட்டி அதைப் பிடித்த கதையை இங்கே விவரிக்காமல் விடுகிறேன். கடைசியாக, டெக்ஸாமெத்தசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டைக் குறைந்த அளவில் ஊசியாகப் போட்டு, ஊசிக்கு முன்பும், 4 மணி நேரத்திலும், 8 மணி நேரத்திலும் ரத்தம் எடுத்தார்கள். இயல்பான நாய்க்கு அந்த ஊசியால் கார்ட்டிசால் தணிந்து, எட்டாவது மணியிலும் தணிந்தே இருக்கும். கறுப்பிக்குத் தணியவில்லை. வயிற்று ஸ்கேனில், கார்ட்டிசாலைச் சுரக்கும் இரண்டு அட்ரினல் சுரப்பிகளும் ஒரே அளவில் பெருத்திருந்தன. ஆகவே அவை இரண்டுக்கும் கட்டளையிடும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றிய சிறு கட்டியே காரணம் என்றார்கள். இயல்பாக வரும் குஷிங் நோயில் நூற்றுக்கு 80 முதல் 85 வரை இந்த வகைதான். மீதி அட்ரினல் சுரப்பியிலேயே வரும் கட்டி.

ஊரில் நாய் வளர்ப்பவர்களுக்கு இங்கே ஒரு சொல். திருச்சியிலுள்ள என் அக்கா, தன் நாய்க்கும் இதே தாகமும் தொப்பையும் இருக்கின்றன, இந்தக் கேப்சூலை அனுப்ப முடியுமா என்று கேட்டாள். விசாரித்தால், தோல் அரிப்புக்காக அந்த நாய்க்கு ஓராண்டாகப் பிரெட்னிசலோன் மாத்திரை போய்க்கொண்டிருந்தது. வெளியிலிருந்து கொடுக்கும் ஸ்டீராய்டாலும் இதே அறிகுறிகள் அப்படியே வரும். அதற்கு வெட்டோரில் கொடுப்பது வீண் மட்டுமல்ல, பெரும் ஆபத்து. ஏனெனில் அந்த நாயின் சொந்த அட்ரினல் ஏற்கெனவே உறங்கிக்கிடக்கும். ஸ்டீராய்டைத் தாமாகவே சட்டென்று நிறுத்துவதும் ஆபத்துதான். மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அக்காவின் நாய்க்கு அவ்வாறு குறைத்ததில் தாகம் அடங்கிவிட்டது; அங்கே கேப்சூலுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

இனி மருந்துக்கு வருவோம். வெட்டோரிலின் உட்பொருள் டிரைலோஸ்டேன். அட்ரினல் சுரப்பி கார்ட்டிசாலைத் தயாரிக்கும் பாதையில் ஒரு நொதியை இது தற்காலிகமாக மறித்து நிற்கிறது. மறிப்பு விலகியதும் தயாரிப்பு மீண்டும் தொடங்கிவிடும்; அதனால்தான் வாழ்நாள் முழுவதும் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிட்யூட்டரிக் கட்டியை இது தொடுவதே இல்லை. 1932-இல் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் மனிதர்களிடம் விளக்கி எழுதிய நோய்க்கு, நாய்களிடம் இன்று நாம் பெரும்பாலும் செய்வது வேரை விட்டுவிட்டுக் கிளையை வெட்டும் வேலை. கிளையை ஒழுங்காக வெட்டினால் நாய் நிம்மதியாக வாழ்கிறது என்பதே இந்த மருந்தின் நியாயம். அமெரிக்காவில் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008 டிசம்பரில் இதற்கு ஒப்புதல் தந்தது. இங்கே பிரிட்டனிலும் நாய்களின் குஷிங் நோய்க்கென்று உரிமம் பெற்ற மருந்து இது, மருத்துவரின் சீட்டு இல்லாமல் கிடைக்காது.

கறுப்பிக்குத் தொடக்க அளவு கிலோவுக்கு ஏறத்தாழ 2 மி.கி. என்ற கணக்கில், காலையில் ஒரே வேளையாக 10 மி.கி. கேப்சூல் இரண்டு. உணவோடு கொடுக்க வேண்டும் என்பது இதில் அலங்காரமாகச் சொல்லும் அறிவுரை அன்று. வெறும் வயிற்றில் கொடுத்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படுவதில்லை. கேப்சூலைத் திறந்து தூளைச் சோற்றில் கலப்பதும் கூடாது. நான் ஆறிய இட்லியில் விரலால் குழி செய்து, கேப்சூலைச் செருகி, மேலே கொஞ்சம் வேகவைத்த கோழியை அப்பி, வழக்கமான காலை உணவின் நடுவில் கொடுக்கிறேன். முதலில் வெற்று இட்லித் துண்டு ஒன்று, பிறகு மருந்து இருப்பது, உடனே இன்னொரு வெற்றுத் துண்டு. மூன்றாவது வரும் அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடுகிறாள். கேப்சூலுக்குத் தனி மணமோ சுவையோ இருப்பதாகத் தெரியவில்லை, ஒருநாளும் துப்பியதில்லை.

பலன் எவ்வளவு விரைவில் தெரிந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நோட்டுப் புத்தகத்தின்படி, எட்டாவது நாள் தண்ணீர் 1,100 மி.லி.யாகவும், இருபதாவது நாள் 850 மி.லி.யாகவும் இறங்கியது. இரவில் எழுப்புவது மூன்றாவது வாரத்தில் நின்றது. பசி கொஞ்சம் தாமதமாகக் குறைந்தது. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு அப்படியே தன் படுக்கைக்குப் போன முதல் நாளில் என் கணவர் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்தார். முடி மட்டும் பொறுமையைச் சோதித்தது. விலாவில் பஞ்சுபோல முளைக்கவே மூன்று மாதம் ஆயிற்று; ஆறாவது மாதத்தில் முழுவதும் மூடியபோது பழைய கறுப்பில் ஒரு செம்பட்டை கலந்திருந்தது. முடி வளரவில்லையே என்று இரண்டாவது மாதத்தில் மருந்தைக் குறை சொல்லத் தொடங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

யாரும் எங்களிடம் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. கார்ட்டிசால் இறங்க இறங்க, அதுவரை அது மறைத்து வைத்திருந்த வலிகள் வெளியே வரும். அதிகக் கார்ட்டிசால் என்பது உடலுக்குள்ளேயே சுரக்கும் ஸ்டீராய்டு சிகிச்சை மாதிரி; மூட்டு வீக்கத்தையும் தோல் அரிப்பையும் அது அமுக்கி வைத்திருக்கும். கறுப்பி இரண்டாவது மாதத்தில் படியேற மறுத்தாள், பின்னங்காலை இழுத்து வைத்தாள். மருந்தின் பக்கவிளைவு என்று நினைத்துக் கூட்டிப்போனால், முதுகெலும்பில் பழைய தேய்மானம் இருந்தது தெரிந்தது. மருந்துப் பெட்டியின் உள்தாளில் இது பொடி எழுத்தில் இருக்கிறது. மருத்துவர்கள் வாயாலும் சொன்னால் நன்றாக இருக்கும்.

கண்காணிப்புதான் இந்தச் சிகிச்சையின் கடினமான பகுதி, செலவும் அங்கேதான். மருந்து தொடங்கிய பத்தாவது நாள், நான்காவது வாரம், பன்னிரண்டாவது வாரம், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று பரிசோதனை உண்டு. ஒவ்வொரு முறை அளவு மாறும்போதும் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். வழக்கமான முறை, அட்ரினலைத் தூண்டும் ஹார்மோனான ஏ.சி.டி.ஹெச்.-ஐ ஊசியாகப் போட்டுப் பார்க்கும் தூண்டல் பரிசோதனை: கேப்சூல் கொடுத்த 4 முதல் 6 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து, ஊசி போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கிறார்கள். எங்கள் நான்காவது வாரப் பரிசோதனை வீணானது இந்த நேரக் கணக்கில்தான். பெயர் சொல்ல விரும்பாத அந்த மருத்துவமனையின் வரவேற்பறையிலிருந்து முதல் நாள் தொலைபேசியில், "ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு அழைத்து வாருங்கள்" என்று சொன்னார்கள். எல்லா நாய்களுக்கும் சொல்லும் வழக்கமான வாசகம் அது. நாங்களும் உணவு கொடுக்காமல், கேப்சூலை மட்டும் தண்ணீரோடு கொடுத்துக் கூட்டிப்போனோம். கார்ட்டிசால் உயர்ந்தே இருந்தது. அளவை இரட்டிப்பாக்கலாம் என்று ஒரு மருத்துவர் எழுதியும்விட்டார். நல்லவேளையாக அங்கே மூத்தவர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து, "தண்ணீர் பாதியாகக் குறைந்திருக்கிறதே, காலையில் என்ன சாப்பிட்டாள்?" என்று கேட்டார். உணவில்லாமல் போன மருந்து உறிஞ்சப்படவே இல்லை. நாங்கள் அளந்தது மருந்து இல்லாத நாயை. பரிசோதனைக் கட்டணம் திரும்பி வரவில்லை. அன்று முதல், பரிசோதனை நாளிலும் வழக்கமான உணவும் வழக்கமான நேரமும்தான் என்பதை யார் என்ன சொன்னாலும் மாற்றுவதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் மருத்துவர் வேறு முறைக்கு மாறினார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள் ஆய்ந்து முன்வைத்த முறை அது: காலைக் கேப்சூல் கொடுப்பதற்குச் சற்று முன் ஒரே ஒருமுறை ரத்தம் எடுத்துக் கார்ட்டிசாலை மட்டும் பார்ப்பது. ஊசியும் இல்லை, காத்திருப்பும் இல்லை, செலவும் குறைவு. நாய் நலமாக இருந்து, கார்ட்டிசால் லிட்டருக்கு 40-க்கும் 138 நானோமோலுக்கும் இடையில் இருந்தால் அதே மருந்தளவைத் தொடரலாம். 138-க்கு மேல் போய் அறிகுறிகளும் இருந்தால் கூட்ட வேண்டும். 40-க்குக் கீழே என்றால் உஷாராகித் தூண்டல் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். இந்த முறை எல்லா நாய்களுக்கும் பொருந்தாது. உடம்பு சரியில்லாத நாய்க்கோ, மருத்துவமனையில் பதறி நடுங்கும் நாய்க்கோ இந்த எண்ணை நம்ப முடியாது. கறுப்பி காத்திருப்பு அறையில் பூனையைப் பார்த்தால் ஊரைக் கூட்டிவிடுவாள். அதனால் முதல் நேரத்தைக் கேட்டு வாங்கி, காரிலிருந்து நேரே உள்ளே கொண்டுபோகிறோம்.

மூன்றாவது மாதப் பரிசோதனையில் கார்ட்டிசால் 138-ஐத் தாண்டியது, தண்ணீரும் மெல்ல ஏறி 1,050 மி.லி. ஆகியிருந்தது. ஆகவே 30 மி.கி. கேப்சூல் ஒன்று என்று மாற்றினார்கள். கோடை முழுவதும் எல்லாம் ஒழுங்காகப் போனது. நவம்பரில் நடந்ததற்குப் பொறுப்பு என்னுடையது.

ஒரு வியாழக்கிழமை காலை அவள் கிண்ணத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். முந்தைய இரவு ஒருமுறை வாந்தியும் எடுத்திருந்தாள். என் அப்பாவும் அம்மாவும் இருபது ஆண்டுகளாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள். எது நடந்தாலும் மாத்திரையை விடக்கூடாது என்பது எங்கள் வீட்டில் ஏறக்குறைய மதக்கட்டளை. அதே பழக்கத்தில், உணவு உண்ணாதவளின் வாயைத் திறந்து, பாலாடைக்கட்டியில் பொதிந்து கேப்சூலைத் தள்ளினேன். வெள்ளிக்கிழமையும் அப்படியே. வெள்ளி மாலை வேலையிலிருந்து வந்தபோது வாலை ஆட்ட முயன்றவளால் எழ முடியவில்லை. பின்னங்கால்கள் நடுங்கின, ஈறுகள் வெளிறியிருந்தன. இரவு நேர அவசர மருத்துவமனையில் சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். கார்ட்டிசாலையும், உப்பின் சமநிலையைக் காக்கும் ஆல்டோஸ்டெரோனையும் சேர்த்தே மருந்து அமுக்கிவிட்டிருந்தது. நாய் நோயுற்று, உடல் கூடுதல் கார்ட்டிசாலுக்காக ஏங்கும் நேரத்தில் அதைத் தடுக்கும் மருந்தைத் தள்ளியிருக்கிறேன். சொட்டுநீரும் ஸ்டீராய்டு ஊசியும் ஏற்றி மறுநாள் மதியம் திருப்பித் தந்தார்கள். அரிதாக, சுரப்பியின் திசுவே செத்துப்போய் நிரந்தரக் குறைபாடு வருவதும் உண்டாம். அது எங்களுக்கு நேரவில்லை.

இந்த மருந்தின் சட்டம் ரத்த அழுத்த மாத்திரையின் சட்டத்துக்கு நேர் எதிரானது என்பதை அந்த இரவில்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். வாந்தி, பேதி, உணவு மறுப்பு, சோர்வு, நடுக்கம் ஆகிய எது வந்தாலும் அன்றைய கேப்சூலைக் கொடுக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். ஒருநாள் விடுபட்டால் நாய் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், அவ்வளவுதான். கொடுக்கக் கூடாத நாளில் கொடுத்தால் உயிருக்கே கேடு. மறந்துபோன வேளைக்காக அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுப்பதும் கூடாது. குளிர்பதனப் பெட்டியின் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: "சாப்பிட்டாளா? சாப்பிட்டால் மட்டும் மருந்து." எழுதியவர் மாமியார்.

ஏழு நாள் இடைவெளி விட்டு 10 மி.கி.யில் மறுபடி தொடங்கினோம். பகலில் நலமாக இருந்தாள். மாலை ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவில்லை. காலை, மாலை என்று தனித்தனியாக அளந்து எழுதியதில் நாளின் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு இரவுக்கு உரியதாக இருந்தது. கேப்சூலுக்கு முந்தைய கார்ட்டிசால் 92. எண் நன்றாக இருந்தும் அறிகுறி இருந்தது. டிரைலோஸ்டேனின் வேலை பல நாய்களிடம் பன்னிரண்டு மணி நேரம்கூட நீடிப்பதில்லை என்று விளக்கிய மருத்துவர், காலை 10 மி.கி., மாலை 10 மி.கி. என்று பிரித்தார். நாள் முழுவதற்கும் சேர்த்துப் பழைய தொடக்க அளவேதான். பலனோ வேறு நாய்க்குக் கொடுத்ததுபோல இருந்தது. பத்து நாளில் 600 மி.லி. முதல்முறையே இரண்டு வேளையாகத் தொடங்கியிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றுகிறது. உரிமத் தாள் ஒரு வேளையைச் சொல்கிறது. அனுபவமுள்ள பல மருத்துவர்கள் குறைந்த அளவை இரண்டு வேளையாகத் தொடங்குகிறார்கள். வேலைக்குப் போகும் வீடுகளுக்கு இரண்டு வேளை ஒரு சுமைதான். எங்களுக்கு மாமியார் இருக்கிறார்.

விலை பற்றி: கேப்சூல் மலிவானது அன்று, ஆனால் எங்கள் முதல் ஆண்டுக் கணக்கில் பரிசோதனைகளுக்கும் சந்திப்புகளுக்கும் ஆன செலவு மருந்துக்கானதைவிட அதிகம், அவசர இரவைச் சேர்க்காமலே. மருத்துவமனையிலேயே வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிரிட்டனில் எழுத்துச் சீட்டுக் கேட்டால் மருத்துவர் தர வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்குவார்கள், அப்படியும் பதிவுபெற்ற இணைய மருந்தகத்தில் வாங்கும்போது எங்களுக்குக் கணிசமாக மிச்சமாகிறது. அளவு நிலைபெறும்வரை ஒரு பெட்டிக்கு மேல் வாங்காதீர்கள். திறக்காத பெட்டியையும் யாரும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. காப்பீடு எடுக்கிறவர்கள் நோய் தெரிவதற்கு முன் எடுத்திருக்க வேண்டும், ஆண்டு வரம்பு எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். மருந்தகங்கள் தாமே கலந்து செய்து தரும் மலிவான டிரைலோஸ்டேன் சில நாடுகளில் கிடைக்கிறது. அமெரிக்காவில் அத்தகைய கேப்சூல்களைச் சோதித்தபோது, எழுதியிருந்த அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தாதவை தென்பட்டன. கூடினால் நவம்பர் இரவு, குறைந்தால் மறுபடி தாகம் என்ற மருந்தில் அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை.

மாற்றுகளையும் விசாரித்தோம். மைட்டோடேன் என்ற பழைய மருந்து அட்ரினல் திசுவையே அழிப்பது. வெட்டோரில் வருவதற்கு முன் அதுதான் முதன்மைச் சிகிச்சை. செலிஜிலின் சில நாடுகளில் ஒப்புதல் பெற்றிருந்தாலும் பலன் மெலிவு. பிட்யூட்டரிக் கட்டியையே அகற்றும் அறுவை சிகிச்சை ஹெர்ட்போர்டுஷரிலுள்ள அரச கால்நடைக் கல்லூரியின் மருத்துவமனையில் செய்யப்படுகிறது. பெரிய செலவு, பெரிய அறுவை, பத்து வயது நாய்க்கு எங்களுக்கு மனம் வரவில்லை. ஆளிவிதை லிக்னானும் மெலடோனினும் போதும் என்று விற்கும் புட்டிகளும் உண்டு. கேப்சூலுக்கு ஈடாக அவற்றை நம்பும் அளவுக்குச் சான்று இல்லை. அந்தக் காசுக்கு இரண்டு கார்ட்டிசால் பரிசோதனை செய்துவிடலாம். சிறுநீரகக் கோளாறோ கல்லீரல் நோயோ உள்ள நாய்க்கு வெட்டோரிலே பொருந்தாது என்பதையும், இதய நோய்க்கான சில மாத்திரைகளோடு சேரும்போது பொட்டாசியம் ஏறும் அபாயம் உண்டு என்பதையும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும்.

எத்தனை நாள் வாழ்வாள் என்று கேட்டேன். இங்கிலாந்தின் சாதாரண மருத்துவமனைகளில் நோய் கண்டறியப்பட்ட நாய்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், அதன்பின் அவை வாழ்ந்த காலத்தின் நடு அளவு (பாதி நாய்கள் அதைவிடக் கூடுதலாக, பாதி குறைவாக) ஏறத்தாழ 500 நாளாக இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே முதிய நாய்கள். கறுப்பி அந்த எண்ணை நெருங்கிக்கொண்டிருக்கிறாள். கட்டி வளர்ந்து மூளையை அழுத்தினால் வட்டமாகச் சுற்றுவது, சுவரோரம் முகத்தை வைத்து நிற்பது போன்றவை வரலாம். அதற்கு இந்தக் கேப்சூலிடம் பதில் இல்லை. இப்போதைக்கு அவள் காலையில் தபால்காரரைத் துரத்துகிறாள். நேற்று 580 மி.லி.

கழித்த ஒரு நட்சத்திரத்துக்குக் காரணம் கேப்சூலின் தோற்றம். 10 மி.கி., 30 மி.கி., 60 மி.கி., 120 மி.கி. எல்லாவற்றுக்கும் ஒரே தந்த நிற உடல், ஒரே கறுப்புத் தலை. அளவை உடலில் அச்சிட்டிருக்கும் பொடி எழுத்துதான் சொல்கிறது. பெரும்பாலும் முதியவர்கள் முதிய நாய்க்குக் கொடுக்கும் மருந்து இது, மூன்று மடங்கு தவறினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். தலைக்கு ஒரு நிறம் கொடுப்பது ஒரு நிறுவனத்துக்குப் பெரிய காரியமா? நான் பாதி தீர்ந்த 30 மி.கி. பெட்டியை அழிப்பதற்காக மருத்துவமனையில் கொடுப்பதற்கு முன் ஒருநாள் மாலை, மாமியார் மங்கிய விளக்கில் அதைத்தான் கையில் எடுத்திருந்தார்; அடுத்த அறையிலிருந்து வந்த என் மகள் பார்த்துத் தடுத்தாள். இப்போது 10 மி.கி. பெட்டியின் நெற்றியில் மாமியாரின் சிவப்பு ஒட்டுப்பொட்டு ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு சோடிக் கையுறை. மருந்து ஹார்மோன்களைத் தொடுவது என்பதால் கர்ப்பிணிகளும், கருத்தரிக்க எண்ணுகிறவர்களும் இதைக் கையாளக் கூடாது என்று உள்தாள் சொல்கிறது, அடுத்த மாதம் பிரசவத்துக்கு நாத்தனார் வருகிறாள். அந்தக் கையுறை மற்றவர்களுக்கு; அவள் பெட்டிப் பக்கமே போகக் கூடாது என்று மாமியார் இப்போதே தொலைபேசியில் சொல்லி வைத்திருக்கிறார்.